அமில நிலமும் சுக்கான் நிலமும்: அருள்புரத்திலிருந்து ஒரு நுண்ணூட்ட விசாரணை

1. கேள்வி

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் அருள்புரம் என்றதும் சாயப்பட்டறையும் பனியன் கம்பெனியும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கட்டடங்களுக்குப் பின்னால் இன்னும் காடு இருக்கிறது. கொங்கு நாட்டில் காடு என்றால் உழுது விதைக்கும் நிலம். சோளம், மக்காச்சோளம், நிலக்கடலை, தக்காளி, சின்ன வெங்காயம், கிணறு கைகொடுக்கும் இடத்தில் தென்னை என்று அங்கே வெள்ளாமை நடக்கிறது.

இந்தக் காடுகளில் இரண்டு அறிகுறிகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். விதைத்து ஒரு மாதம் ஆன நிலக்கடலையில் அடியிலை கரும்பச்சையாகவே இருக்க, நுனியில் விரியும் இளந்தளிர் மட்டும் வெளுக்கும். நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு இடையே மஞ்சளாகவும் தெரியும். முற்றினால் தளிர் காகிதம்போல வெள்ளையாகிவிடும். இது இரும்புச்சத்துக் குறை. மக்காச்சோளத்தில் முளைத்த இரண்டு மூன்று வாரத்தில் குருத்து வெளுத்து, இலையின் நடு நரம்புக்கு இருபுறமும் வெண்பட்டை ஓடும். அது துத்தநாகக் குறை.

காரணம் கேட்டால் உரக்கடையிலும் பயிற்சி முகாமிலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: மண் காரமாக இருக்கிறது, அமிலப் பக்கம் கொண்டுபோனால் சத்து தானாகக் கிடைக்கும். இதை நம்பிக் கந்தகத் தூளையும், பாஸ்பாரிக் அமிலத்தையும், பி.எச். குறைக்கும் என்று சொல்லி விற்கப்படும் திரவங்களையும் வாங்கிப் பணம் செலவிடும் விவசாயிகள் பலர். அமில மண்ணில் நுண்ணூட்டம் தாராளமாகக் கிடைக்கும் என்ற பாடநூல் விதி எந்த அளவுக்கு உண்மை, அது சுக்கான் கல் (சுண்ணாம்பு முண்டு) நிறைந்த இந்த நிலத்துக்கு எந்த அளவுக்கு உதவும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதியில் வேதியியல் பிழை இல்லை. ஆனால் அதை ஒரு நிலத்தின் மொத்த மண்ணுக்கும் செய்ய வேண்டிய சிகிச்சையாக எடுத்துக்கொண்டதில்தான் பெரும் பிழை நேர்ந்திருக்கிறது.

2. விதி எங்கிருந்து வந்தது

வேளாண் பாடநூல்களில் ஒரு படம் தவறாமல் இருக்கும். மேலே பி.எச். அளவு 4 முதல் 10 வரை; கீழே ஒவ்வொரு சத்துக்கும் ஒரு பட்டை. பட்டை அகன்றால் சத்து நன்றாகக் கிடைக்கும், குறுகினால் கிடைக்காது. இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம் ஆகியவற்றின் பட்டைகள் அமிலப் பக்கம் அகன்றும் காரப் பக்கம் குறுகியும் இருக்கும். மாலிப்டினம் மட்டும் நேர்மாறு. 1935இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பெட்டிங்கர் வரைந்த படத்தை 1940களில் விஸ்கான்சினைச் சேர்ந்த எமில் ட்ரூகோ விரிவாக்கினார். இன்று உலகம் முழுவதும் அச்சாகும் படத்துக்கு மூலம் அதுதான். அது பொதுப் போக்கைக் காட்டும் வழிகாட்டிப் படமே தவிர, ஒவ்வொரு மண்ணிலும் பயிர் வளர்த்து அளந்து பெற்ற முடிவு அன்று. எண்பது ஆண்டுகளாக மறுபதிப்பு கண்டதில் இந்த வேறுபாடு மறந்துபோனது. பாரோ, ஹார்ட்டமிங்க் இருவரும் 2023இல் எழுதிய ஆய்வுரைகள் இந்தப் படத்தைக் கடுமையாக விசாரித்தன. பி.எச். மாறும்போது மண் சத்தைப் பிடித்துவைக்கும் வலிமையும் மாறுகிறது, வேர் அதை உறிஞ்சும் வேகமும் மாறுகிறது, இவ்விரண்டும் ஒரே திசையில் போவதில்லை என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அமிலம் மிகும்போது மண் துத்தநாகத்தை விடுவிக்கிறது. ஆனால் அதே அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் வேரின் வாசலில் துத்தநாகத்தோடு போட்டியிடுகின்றன. படம் முதல் பாதியை மட்டுமே சொல்கிறது.

விதியின் வேதியியலையும் பார்த்துவிடுவோம். பி.எச். ஒரு படி ஏறினால் கரைசலில் துத்தநாக அயனி நூறில் ஒரு பங்காகவும், இரும்பின் ஃபெரிக் அயனி ஆயிரத்தில் ஒரு பங்காகவும் குறையும். பி.எச். 5.5 உள்ள மண்ணுக்கும் 8.5 உள்ள மண்ணுக்கும் இடையே மூன்று படி. கணக்குப்படி துத்தநாக அயனி 10 லட்சம் மடங்கு குறைந்திருக்க வேண்டும். அப்படியானால் பல்லடத்துக் கரிசலில் மக்காச்சோளம் முளைத்த வாரத்திலேயே மாண்டிருக்க வேண்டும். மாளவில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் அது விளையவே செய்கிறது. கணக்குக்கும் காட்டுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளிதான் ஆராய வேண்டிய இடம். மக்கிய எருவிலிருந்து வரும் கரிம அமிலங்கள் துத்தநாகத்தையும் இரும்பையும் பற்றிக்கொண்டு கரைசலில் மிதக்கவைக்கின்றன. களிமண் துகளின் மேல் ஒட்டியிருக்கும் அயனிகள் சிறுகச் சிறுக விடுபடுகின்றன. வேரும் சும்மா இருப்பதில்லை.

3. அமில நிலத்தின் உண்மை நிலை

அமில மண்ணைக் காண வெகுதூரம் போக வேண்டாம். பல்லடத்திலிருந்து தெற்கே பொள்ளாச்சி தாண்டி ஆனைமலை ஏறினால் வால்பாறை; வடமேற்கே மேட்டுப்பாளையம் தாண்டினால் நீலகிரி. அருள்புரம் வட்டாரத்தில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க, வால்பாறையில் அது 3,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. அந்த மழை நூற்றாண்டுகளாகக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போனதால் மண் அமிலமானது. தேயிலைக்கு அது ஏற்றது, 4.5 முதல் 5.5 வரையுள்ள பி.எச். அதற்கு உகந்தது.

பாடநூல் படத்தின்படி அங்கே துத்தநாகப் பஞ்சம் இருக்கவே கூடாது. ஆனால் தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களில் துத்தநாக சல்பேட்டை இலைவழியாகத் தெளிப்பது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமான வேலை. வால்பாறையில் உள்ள உபாசி தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையிலும் அது உண்டு. காரணம் எளியது. அமிலம் சத்தை விடுவிக்கிறது. விடுபட்ட சத்தில் வேருக்கு அகப்பட்டது போக மிச்சத்தை மழை அடித்துக்கொண்டு போகிறது. பல நூறு ஆண்டுகள் இது நடந்தால் மண்ணின் இருப்பே கரைந்துவிடும். அமில நிலத்தின் சிக்கல் இருப்பில், சுக்கான் நிலத்தின் சிக்கல் கிடைப்பில். வெளியே தெரியும் அறிகுறி ஒன்றாக இருந்தாலும் நோய் வேறு.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கேரளம் இதற்கு இன்னும் பெரிய சான்று. அம்மாநிலத் திட்டக்குழு 2010ஐ ஒட்டித் தொடங்கி நடத்திய விரிவான மண்வள ஆய்வில், பெரும்பான்மை மண் அமிலமாக இருப்பதும், மெக்னீசியமும் போரானும் பரவலாகக் குறைந்திருப்பதும் தெரியவந்தன. போரான் அமில மண்ணில் எளிதாகக் கரைகிறது. அதனாலேயே கனமழையில் எளிதாகத் தொலைகிறது. மறுபுறம் குட்டநாட்டு வயல்களில் இரும்பு அளவுக்கு மீறிக் கரைந்து, நெல்லின் இலை வெண்கல நிறமாகிப் பயிர் கெடுகிறது. பி.எச். 5.5க்குக் கீழே போனால் அலுமினியமும் மாங்கனீசும் நச்சாகி வேர் நுனியைக் கருக்குகின்றன. மலைக்காய்கறி விளைவிக்கும் நீலகிரி விவசாயி அதனால்தான் டோலமைட் சுண்ணாம்பைக் காசு கொடுத்து வாங்கி இடுகிறார். அமிலத்தை விலைக்கு வாங்க நினைக்கும் பல்லடத்து விவசாயி, அமிலத்தை விரட்டச் செலவழிக்கும் அவருடைய கணக்கையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

4. சுக்கான் நிலம்

கோவை, திருப்பூர் வட்டாரத்து மண்ணை மண்ணியலாளர்கள் பல வரிசைகளாகப் பிரிக்கிறார்கள். சுண்ணாம்பில்லாத செம்மண்ணான இருகூர் வரிசை, சுண்ணாம்பு கலந்த செம்மண்ணான பாலத்துறை வரிசை, சுண்ணாம்பு மிகுந்த கரிசலான பீளமேடு வரிசை ஆகியவை முக்கியமானவை. பின்னிரண்டில் ஓரடி ஈரடி தோண்டினால் சாம்பல் வெள்ளையில் முண்டு முண்டாகச் சுக்கான் கல் வரும். அந்தக் கல்லில் எலுமிச்சைச் சாற்றை நாலு சொட்டு விட்டால் சட்டென்று நுரைக்கும். அமிலம் சுண்ணாம்பைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. அமிலம் அங்கேயே தீர்ந்தும் போகிறது. மண்ணில் ஊற்றும் எந்த அமிலத்துக்கும் இதுதான் கதி.

இந்த மண்ணில் சத்து இல்லாமல் இல்லை. ஒரு ஹெக்டேரில் உழவு ஆழத்து மண் ஏறத்தாழ 20 லட்சம் கிலோ. அதில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் துத்தநாகம் என்று வைத்துக்கொண்டால் மொத்த இருப்பு 100 கிலோ. ஒரு போகம் மக்காச்சோளம் எடுத்துக்கொள்வது சில நூறு கிராம்தான். இரும்பின் கணக்கு இன்னும் வியப்பானது. செம்மண்ணுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பதே இரும்பு. மண்ணில் 3 சதவீதம் என்று கொண்டால் ஹெக்டேருக்கு 60 டன். அதன்மேல் நிற்கும் நிலக்கடலை ஓரிரு கிலோ இரும்பு கிடைக்காமல் வெளுக்கிறது. இரும்பு அத்தனையும் கரையாத ஆக்சைடாகக் கிடக்கிறது, பி.எச். 7.4 முதல் 8.5 வரையுள்ள இடைவெளியில்தான் இரும்பின் கரைதிறன் மிகக் குறைவு. கொங்குப் புன்செய் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள் விழுகிறது.

இதோடு தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த விவாதத்தில் அதிகம் விடுபட்டுப்போவது அதுதான். ஆழ்துளைக் கிணற்றின் சப்பைத் தண்ணீரில் கால்சியம், சோடியத்தோடு பைகார்பனேட்டும் கரைந்திருக்கிறது. லிட்டருக்கு 400 மில்லிகிராம் பைகார்பனேட் உள்ள தண்ணீரை ஒரு போகத்துக்கு 500 மில்லிமீட்டர் பாய்ச்சினால், ஹெக்டேருக்கு 2,000 கிலோ பைகார்பனேட் மண்ணில் இறங்குகிறது. அது சுமார் 1.6 டன் சுண்ணாம்பை இட்டதற்குச் சமம். நீலகிரி விவசாயி லாரி வாடகை கொடுத்து இறக்குவதைப் பல்லடத்து மோட்டார் போகத்துக்குப் போகம் கேட்காமலே இறக்கிவிடுகிறது. பைகார்பனேட் மண்ணை மட்டும் பாதிப்பதில்லை. வேரைச் சுற்றிலும் காரத்தைத் தாங்கிப் பிடிப்பதால், வேர் சுரக்கும் அமிலம் வீணாகிறது. தண்ணீர் பாய்ச்சி நிலம் சொதசொதவென்று இருக்கும் வாரத்தில் நிலக்கடலை திடீரென்று வெளுப்பதற்குக் காரணம் இதுவே. காற்றோட்டமில்லாத ஈர மண்ணில் கரியமில வாயு தங்கி, சுண்ணாம்போடு வினைபுரிந்து பைகார்பனேட்டைப் பெருக்குகிறது. நிலம் ஆறியதும் அடுத்து வரும் தளிர் பச்சையாக விரிவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் தண்ணீர் மலையிலிருந்து வருவதால் உப்பு குறைந்தது. ஆனால் ஆயக்கட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்து விடுவதால், ஒரு காட்டுக்கு அது இடைவெளி விட்டே வருகிறது.

5. சாயக்கழிவு விட்டுச் சென்ற கேள்வி

அருள்புரத்து மண்ணைப் பற்றிப் பேசும்போது சாயத்தைத் தவிர்க்க முடியாது. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும், அது பிடித்துக்கொள்ளச் சோடா உப்பின் காரம் வேண்டும். சாயக் குளியலில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு போவது சாதாரணம். துணி உப்பை எடுத்துக்கொள்வதில்லை. அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். இருபது முப்பது ஆண்டுகள் அது ஓடைகள் வழியாக நொய்யலுக்கும், நிலத்தடி நீருக்கும், 1990களில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்கும் போய்ச் சேர்ந்தது. பாதிப்பை மதிப்பிட அமைக்கப்பட்ட சூழல் இழப்பீட்டு ஆணையம், 2004இல் 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.79 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. உத்தரவுகள் நிறைவேற்றப்படாததால் 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பிறகு பூஜ்யக் கழிவு வெளியேற்ற முறை நிலைபெற்றது. உப்புநீரைச் சுத்திகரித்து மீண்டும் சாயமேற்றவே பயன்படுத்தும் முறையில் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் முன்னோடிகளில் ஒன்று.

வழக்கு நடந்த காலம் முழுவதும் பேச்சு ஒரே எண்ணைச் சுற்றி நடந்தது: கரைந்த உப்பின் மொத்த அளவு, லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பு. நீதிமன்றத்துக்கு எளிதில் அளக்கக்கூடிய ஓர் எண் தேவை; விவசாயிகளின் வழக்கு வென்றதற்கு அந்த எண்ணும் ஒரு காரணம். ஆனால் நுண்ணூட்டத்துக்கு உப்பின் மொத்த அளவைவிட உப்பின் வகை முக்கியம். சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் நடுநிலை உப்புகள். அவை நிறைந்த உவர் நிலத்தில் பயிர் தண்ணீர் எடுக்க முடியாமல் வாடும், ஆனால் பி.எச். பெரிதாக ஏறாது. கழிவு நின்று நல்ல மழை பெய்யத் தொடங்கிய பிறகே அடுத்த மாற்றம் தொடங்கும். மழை குளோரைடைக் கழுவிக்கொண்டு போகும். சோடியத்தில் ஒரு பகுதி களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சுற்றியிருந்த உப்பு போனதும் அந்தச் சோடியம் தண்ணீரோடு வினைபுரிந்து காரத்தை உண்டாக்கும். உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன் இறங்கும், பி.எச். ஏறும், மண் இறுகும், தண்ணீர் இறங்காது. உவர் நிலம் களர் நிலமாகும் வழி இதுதான்.

உப்பு குறைந்துவிட்டது என்று மகிழும் அதே ஆண்டில் துத்தநாகமும் இரும்பும் முன்னைவிடக் கிடைக்காமல் போகும் வாய்ப்பு இதில் இருக்கிறது. சுக்கான் கல்லின் கால்சியம் ஓரளவு காப்பாற்றும். ஆனால் அது கரைய வேரின் மூச்சும் எரு மக்கும்போது வரும் கரியமில வாயுவும் வேண்டும். தரிசாகக் கிடக்கும் காட்டில் இரண்டும் இல்லை. ஆகவே நொய்யல் படுகையின் மீட்சியைக் கடத்துதிறன் ஒன்றை மட்டும் வைத்து அளப்பது போதாது என்பது என் உறுதியான கருத்து. அதனோடு பி.எச்., பரிமாற்றச் சோடியத்தின் பங்கு, கிடைக்கும் துத்தநாகம், இரும்பு ஆகியவற்றையும் ஒரே காட்டில் ஆண்டுக்கு ஆண்டு பார்க்க வேண்டும். களராகிவிட்ட இடத்துக்கு ஜிப்சம்தான் மருந்து. அதன் கால்சியம் சோடியத்தை வெளியே தள்ளுகிறது. அமிலமாக்குவது அதன் வேலை அல்ல. சோடியம் இல்லாத வெறும் சுக்கான் நிலத்தில் பி.எச். குறையும் என்று நம்பி ஜிப்சம் போடுவது வீண் செலவு.

6. அளவுகோல் சொல்வதும் சொல்லாததும்

மண் பரிசோதனையில் துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, தாமிரம் நான்கையும் டி.டி.பி.ஏ. என்ற கரைசலால் பிரித்தெடுத்து அளக்கிறார்கள். லின்ட்சேயும் நார்வெல்லும் 1978இல் வெளியிட்ட இந்த முறை சுண்ணாம்பு மண்ணுக்கென்றே உருவானது. சுண்ணாம்பு கரைந்துவிடாதபடி கரைசலின் பி.எச். 7.3இல் நிறுத்தப்படுகிறது. இந்தியாவில் இதே முறை அமில மண்ணுக்கும் பயன்படுகிறது. வால்பாறை மண்ணை அதன் இயல்பு நிலைக்கு வெளியே இழுத்து அளக்கிறோம். அருள்புரத்து மண்ணை ஏறத்தாழ அதன் நிலையிலேயே அளக்கிறோம். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது கவனமாகச் செய்ய வேண்டிய காரியம்.

வரம்பிலும் ஒரு சிக்கல் உண்டு. துத்தநாகத்துக்கு நாட்டின் பல பகுதிகளில் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் போதுமென்று கொள்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொள்ளும் வரம்பு 1.2. ஒரு காட்டில் 0.9 இருந்தால் வடக்கே அது நிறைவு, இங்கே அது குறை. தேசிய அளவிலான ஒரு தொகுப்பாய்வு இந்திய மண்ணில் 36.5 சதவீத மாதிரிகள் துத்தநாகத்திலும், 23.4 சதவீதம் போரானிலும், 12.8 சதவீதம் இரும்பிலும் குறைந்தவை என்றது. இத்தகைய சதவீதங்களைப் படிக்கும்போதெல்லாம் எந்த வரம்பை வைத்து என்று கேட்காமல் நகரக் கூடாது. இரும்புக்கு நம் பல்கலைக்கழகம் இரண்டு வரம்பு வைத்திருப்பது பாராட்டத்தக்கது: சுண்ணாம்பில்லாத மண்ணுக்கு 3.7, சுண்ணாம்பு மண்ணுக்கு 6.3. ஒரே எண் இருவகை மண்ணில் ஒரே பொருளைத் தராது என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் பன்னிரண்டு அளவுகளைத் தருகிறது. துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஐந்தும் அதில் அடக்கம். விவசாயியின் கைக்கு நுண்ணூட்டக் கணக்கு வந்துசேர்ந்ததே பெரிய காரியம்தான். ஆனால் இறவைப் பகுதியில் 2.5 ஹெக்டேருக்கும் மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒரு மாதிரி என்பது வகுக்கப்பட்ட அளவு. பல்லடம் வட்டாரத்தில் ஒரே காட்டின் மேற்புறம் செவ்வல், சரிவில் சுக்கான், பள்ளத்தில் கரிசல் என்று மாறுவது வழக்கம். அந்த ஒரு மாதிரி எந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்துப் பரிந்துரையே மாறிவிடும்.

7. அமிலம் வேண்டிய இடம்

மண் முழுவதையும் அமிலமாக்க முடியுமா என்பதை ஒரு கணக்குப் போட்டே தீர்த்துவிடலாம். மண்ணில் சுண்ணாம்பு வெறும் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேரின் உழவு ஆழத்தில் அது 20 டன். அதைக் கரைத்து முடிக்கவே 6.4 டன் கந்தகம் வேண்டும். ஏக்கருக்கு இரண்டரை டன்னுக்கு மேல். அதுவரை பி.எச். ஏறத்தாழ அசையாது. சுக்கான் காட்டில் சுண்ணாம்பு 1 சதவீதத்தோடு நிற்பதில்லை. கீழிருந்து கல்லும் மேலிருந்து கிணற்றுத் தண்ணீரும் அதை நிரப்பிக்கொண்டே இருக்கின்றன. ஏக்கருக்குப் பத்துக் கிலோ கந்தகம் தூவி மண்ணின் பி.எச்.சைக் குறைப்பதாகச் சொல்வது விவசாயியின் பணத்தோடு விளையாடுவது. கந்தகம் சத்தாகப் பயன்படும், குறிப்பாக நிலக்கடலைக்கு. அந்தப் பெயரிலேயே அதை விற்கட்டும்.

அமிலம் தேவைப்படும் இடம் வேரைச் சுற்றிய ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே. அதை வேர் தானே செய்துகொள்கிறது. நிலக்கடலை, தக்காளி போன்ற இருவித்திலைப் பயிர்கள் இரும்புப் பஞ்சம் வந்தால் வேர் நுனியில் அமிலம் சுரந்து, ஃபெரிக் இரும்பை ஃபெரஸாக மாற்றி உறிஞ்சுகின்றன. சோளம், மக்காச்சோளம், நெல் போன்ற புல்லினங்கள் வேறு வழி கொண்டவை: இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கரிமச் சேர்மத்தை மண்ணில் விட்டு, கவ்விய இரும்போடு அதைத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. ஜப்பானியரான தாகாகி 1970களில் கவனித்ததை ஜெர்மனியின் ரோம்ஹெல்டும் மார்ஷ்னரும் 1980களில் விரித்து விளக்கினார்கள். இரண்டாவது வழி பி.எச்.சைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. பைகார்பனேட்டால் முதல் வழி கெடும் அளவுக்கு இது கெடுவதில்லை. சீனாவின் சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலையைத் தனியாக விதைத்தபோது வெளுத்ததையும், மக்காச்சோளத்துக்கு ஊடாக விதைத்தபோது பச்சையாக இருந்ததையும் 2000ஆம் ஆண்டை ஒட்டி அங்குள்ள ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். புல்லின வேர் விடுவித்த இரும்பில் பக்கத்துப் பயிருக்கும் பங்கு கிடைத்தது. சோளக்காட்டில் தட்டைப்பயறு கலந்து விதைத்த நம் பழைய மானாவாரி வழக்கத்தை இந்தக் கோணத்திலிருந்தும் ஆராய்ச்சி நிலையங்கள் சோதித்துப் பார்க்க வேண்டும். மாட்டுக்குத் தட்டும் வீட்டுக்குப் பயறும் என்ற அளவில் மட்டுமே அதை மதிப்பிட்டு வந்திருக்கிறோம்.

வெளியிலிருந்து சத்து கொடுக்கும் முறையிலும் இதே தருக்கம் செல்லும். அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்டை) அப்படியே சுக்கான் மண்ணில் தூவினால் அதன் இளம்பச்சை சில நாளில் துருவின் பழுப்பாகிவிடும். கொடுத்த இரும்பு மண்ணின் 60 டன்னோடு சேர்ந்து கிடக்கும். பல்கலைக்கழகத்தின் பரிந்துரை வேறு: நுண்ணூட்டக் கலவை ஒரு பங்குக்கு மக்கிய தொழு உரம் பத்துப் பங்கு, கையில் பிடித்தால் உருண்டு, விட்டால் உதிரும் ஈரப்பதம், நிழலில் ஒரு மாதம் குவித்து வைத்தல், பிறகு இடுதல். இந்த ஒரு மாதத்தில் கரிம அமிலங்கள் உலோகத்தைப் பற்றிக்கொள்கின்றன. மண்ணுக்குள் போன பிறகும் சுண்ணாம்பின் கையில் அது எளிதில் சிக்குவதில்லை. ஊட்டமேற்றிய தொழு உரம் என்று பெயர் தெரிந்தவர்கள்கூட அந்த ஒரு மாதத்தைக் காத்திருப்பதில்லை. விதைப்பு நாளில் கலந்து அன்றே இறைத்துவிடுகிறார்கள். முறையின் உயிரே அந்தக் காத்திருப்புதான்.

தெளிப்பு முறை மண்ணையே விலக்கிச் செல்கிறது. நிலக்கடலைக்கு 1 சதவீத அன்னபேதிக் கரைசல், மக்காச்சோளத்துக்கு 0.5 சதவீதத் துத்தநாக சல்பேட் ஆகியவை பழகிப்போனவை. தென்னைக்கு வேர் வழியாக டானிக் கட்டும் முறையும் அதே இனம்: உயிருள்ள இளவேரைச் சாய்வாக வெட்டிப் பையிலுள்ள கரைசலில் நுழைத்துக் கட்டுவதால் சத்து சுக்கானைச் சந்திக்காமலே மரத்துக்குள் போகிறது. உலோகத்தைக் கவ்வி வைத்திருக்கும், விலை மிகுந்த கீலேட் வகைகளில் ஏமாற்றம் அதிகம். இ.டி.டி.ஏ. கவ்விய இரும்பு, பி.எச். 6.5ஐத் தாண்டினால் மண்ணில் நிலைப்பதில்லை. கால்சியம் வந்து இரும்பைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இலையில் தெளிக்க அது நல்லது, சுக்கான் நிலத்தில் சொட்டுநீர் வழியாக விடுவது நட்டம். மண்ணில் நிலைக்கக்கூடியது இ.டி.டி.எச்.ஏ. வகை, அதன் விலை சோளத்துக்கும் கடலைக்கும் கட்டுபடியாகாது.

பல்லடம் கறிக்கோழிக்குப் பேர்போன ஊர் என்பதால் கோழி எருவைப் பற்றியும் ஒரு சொல். அதில் மணிச்சத்து மிகுதி. மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகம் கிடைக்காது என்ற எச்சரிக்கை பரவலாக இருக்கிறது. மூட்டை மூட்டையாக டி.ஏ.பி. போடும் காட்டுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தும். கோழித் தீவனத்தில் துத்தநாகம் சேர்க்கப்படுவதால் எரு தன் துத்தநாகத்தைத் தானே கொண்டுவருகிறது, கரிமத்தையும் கொண்டுவருகிறது. நன்கு மக்கவைத்து இட்டால், இந்த வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் நுண்ணூட்ட உரங்களில் அதற்கு இணை குறைவு.

நடைமுறையில் முதலில் செய்ய வேண்டியது இரண்டு அளவுகளைக் கூட்டுவது. தேசிய அட்டையின் பன்னிரண்டில் சுண்ணாம்பு இடம்பெறவில்லை. தமிழ்நாட்டு மண் பரிசோதனை நிலையங்கள் சுண்ணாம்பு உண்டா இல்லையா என்று குறிப்பதுண்டு. எத்தனை சதவீதம் என்பதுதான் தேவை. இரும்பின் வரம்பு 3.7ஆ 6.3ஆ என்பதே அதைப் பொறுத்திருக்கிறது. அடுத்தது, பாசனத் தண்ணீரின் பைகார்பனேட். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கும் அன்றே ஒரு லிட்டர் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்து, இரண்டு முடிவுகளையும் ஒரே தாளில் எழுதித் தரும்படி கேட்கலாம். ஆய்வகத்துக்கு இவ்விரண்டும் சாதாரண அமிலமும் ஒரு பியூரெட்டும் இருந்தால் முடிகிற வேலை.